நீர்மூழ்கியைத் தேடும் வால்

நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் விமானங்கள் சிலவற்றின் வாலிலிருந்து கம்புபோல ஒரு நீட்சி பின்னோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். அதற்குள் இருப்பது காந்தமானி. கடற்படையினர் இதை ‘மேட்’ என்பார்கள். நீருக்கடியில் கிடக்கும் எஃகு உடல் பூமியின் காந்தப்புலத்தைச் சற்றே கலைக்கிறது. அந்தக் கலைவைத்தான் கருவி பிடிக்கிறது. விமானத்தின் சொந்த இரும்பும் மின்கம்பிகளும் குறுக்கிடாதிருக்கவே அதை வால்வரை தள்ளி வைத்தார்கள்.

பூமியின் காந்தப்புலம் இடத்துக்கேற்ப ஏறத்தாழ 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா வரை இருக்கும். சில நூறு மீட்டர் தொலைவிலுள்ள நீர்மூழ்கியால் அதில் ஏற்படும் மாறுதல் மிக மிகச் சிறியது. தூரம் இரட்டித்தால் அதுவும் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எனவே விமானம் அலைகளை ஒட்டித் தாழப் பறந்தாக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் ஜிப்ரால்டர் நீரிணையின் நீரோட்டத்தோடு சத்தமில்லாமல் நழுவிச் சென்றன. அங்கே ஒலியைக் கொண்டு தேடுவது கடினம். எனவே இந்தக் காந்தமானி பொருத்திய அமெரிக்காவின் கேட்டலினா விமானங்கள் நீரிணையின் குறுக்கே ஓயாமல் வட்டமிட்டன. கருவியின் காகிதச் சுருளில் எழுதுமுள் துள்ளியதும் நீரில் புகைக்குறி போடுவார்கள். திரும்பி வந்து அடுத்த குறி போடுவார்கள். குறிகள் வரிசையாக நகர்ந்தால், கீழே ஓடுவது நீர்மூழ்கி. ஆனால் முள் துள்ளுவது விமானம் இலக்கின் நேர்மேலே வந்த பிறகுதான். அப்போது போடும் குண்டு விமான வேகத்தோடு முன்னே போய் விழும். அதனால் அதே வேகத்தில் பின்னோக்கிச் சுடும் ராக்கெட் குண்டுகளைப் பொருத்தினார்கள். இரு வேகமும் கழிந்து குண்டு செங்குத்தாக விழுந்தது. இப்படிக் கண்டுபிடிக்கப்பட்ட யூ-761 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி 1944 பிப்ரவரி 24 அன்று மூழ்கியது. குறைபாட்டை இவ்வளவு நேர்த்தியாக ஈடுகட்டிய ஆயுதங்கள் குறைவு.

கருவிக்குத் தெரிவது இரும்பின் சாயல் மட்டும். பழைய கப்பல் சிதைவும், கடலடிப் பாறையின் இரும்புத்தாதும், சூரியப் புயலும் முள்ளை அசைக்கும். சோவியத்தின் ஆல்ஃபா வகை நீர்மூழ்கிகளின் உடலோ காந்தத்தன்மையற்ற டைட்டானியம். எட்டும் தூரமும் குறைவு. எனவே பரந்த கடலைத் துழாவ இது உதவாது. நீரில் மிதந்து ஒலியைக் கேட்கும் ஒலிமிதவைகள் காட்டிய இடத்தைக் கடைசியாக உறுதிசெய்யவே பயன்படுகிறது.

அமெரிக்கா தன் பி-8ஏ நீர்மூழ்கி வேட்டை விமானத்தில் இந்தக் கருவியைப் பொருத்தவில்லை. ஆனால் அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறக்கும் இந்தியாவின் பி-8ஐ விமானங்களின் வாலில் இது இருக்கிறது.