இரைமீனாகப் பொன்மீன்

இரைமீன் என்பது மீன்தொட்டியில் வளர்க்கப்படும் ஊனுண்ணி மீன்களுக்கு உயிருடன் உணவாக இடப்படும் சிறுமீனைக் குறிக்கும். ஆஸ்கார், அரோவனா போன்ற பெரிய மீன்களை வளர்ப்போர் இதற்குப் பொன்மீன் குஞ்சுகளைப் பரவலாகப் பயன்படுத்துகின்றனர். இவை விலை குறைந்தவை; மெதுவாக நீந்துவதால் எளிதில் பிடிபடுபவை. கடையில் வாங்கும் குஞ்சுகளால் தொட்டிக்குள் நோய் புகுவதைக் கண்ட சிலர், வீட்டிலேயே பொன்மீன்களை இனப்பெருக்கம் செய்து இரையாக இடுகின்றனர். இம்முறை ஒரு சிக்கலைத் தீர்க்கிறது. அதைவிடப் பெரிய மற்றொன்றை அப்படியே விட்டுவிடுகிறது.

நோய்த்தொற்று

இரைக்காக விற்கப்படும் மலிவான பொன்மீன்கள் பெரும்பாலும் நெருக்கமாக அடைத்து வைக்கப்படுகின்றன. வெண்புள்ளி நோய், நங்கூரப்புழு, மீன்பேன் ஆகியவை இவற்றின் வழியே வளர்ப்பு மீனுக்குத் தொற்றும். நலமான தாய்மீன்களிடமிருந்து தனித்தொட்டியில் பெறப்படும் குஞ்சுகளில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. வீட்டு வளர்ப்பின் உண்மையான நன்மை இதுவே.

இனப்பெருக்கம்

பொன்மீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் செவுள்மூடியில் சிறு வெண்ணிற முடிச்சுகள் தோன்றும். (புதிதாக மீன் வளர்ப்போர் இதை வெண்புள்ளி நோய் என்று கருதி மருந்திடுவதுண்டு, அது தேவையில்லை.) ஆண்மீன் பெண்மீனைத் துரத்த, பெண்மீன் இடும் ஒட்டும் தன்மையுள்ள முட்டைகள் வேலம்பாசி போன்ற நீர்த்தாவரங்களில் ஒட்டிக்கொள்ளும். பெற்றோரே முட்டைகளைத் தின்றுவிடும் என்பதால் அவற்றை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். நீரின் வெப்பத்தைப் பொறுத்து முட்டைகள் சில நாட்களில் பொரியும். குஞ்சுகளுக்கு முதலில் நீரிலுள்ள நுண்ணுயிர்களும், பின்னர் பொரித்த ஆர்ட்டீமியாவும் உணவாகும். குஞ்சுகள் தொடக்கத்தில் கருமை கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். பொன்னிறம் வரப் பல வாரங்கள், சிலவற்றில் பல மாதங்கள் ஆகும்.

தயமினேசு சிக்கல்

பொன்மீனின் உடலில் தயமினேசு என்னும் நொதி உள்ளது. இது தயமினை, அதாவது உயிர்ச்சத்து பி1-ஐச் சிதைக்கும். பொன்மீனையே நாள்தோறும் தின்னும் மீனுக்கு, மற்ற உணவிலிருந்து கிடைக்கும் தயமினும் பயனற்றுப் போகிறது. பசியின்மை, சமநிலை இழந்து நீந்துதல், வலிப்பு ஆகியவை பற்றாக்குறையின் அறிகுறிகள். மீன் கொழுத்துத் தெரியும் காலத்திலேயே குறைபாடு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் என்பதால் வளர்ப்போர் ஏமாந்துவிடுகின்றனர்.

இந்த நொதியின் விளைவு மீன்தொட்டிக்கு வெளியிலேயே முதலில் அறியப்பட்டது. 1930களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து நரிப் பண்ணை ஒன்றில், பச்சைக் கெண்டைமீன் தின்ற நரிகள் வாதம் கண்டு இறந்தன. பண்ணையின் பெயரால் இது சாஸ்டெக் வாதம் எனப்பட்டது. மீனைச் சமைத்துக் கொடுத்தால் இந்நோய் வருவதில்லை. வெப்பம் நொதியை அழித்துவிடுகிறது. உறையவைப்பதால் அது அழிவதில்லை.

குஞ்சு கடையில் பிறந்ததா, வீட்டில் பிறந்ததா என்பதால் இதில் வேறுபாடு எதுவும் இல்லை. நல்ல தீவனம் கொடுத்து வளர்த்த பொன்மீனிலும் இந்நொதி இருக்கும். எனவே பொன்மீனை எப்போதாவது ஒருமுறை இடலாமே தவிர, அன்றாட உணவாக்கக் கூடாது.

மாற்று உணவுகள்

உயிர் இரை தேவை என்று கருதுவோர் தயமினேசு இல்லாத கப்பி மீன்களை வளர்க்கலாம். மண்புழுவும் ஏற்றது. ஆஸ்கார் மீன் உருண்டைத் தீவனத்திலேயே நன்கு வளரும். உயிர் இரைக்குப் பழகிய மீன் தீவனத்தை முதலில் ஏற்க மறுக்கும். நலமான பெரிய மீனைச் சில நாள் பட்டினியிட்டுப் பழக்கலாம்.

எஞ்சும் குஞ்சுகள்

ஒரு பெண் பொன்மீன் ஒருமுறையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுவதால், இரைக்குத் தேவையானதைவிட அதிகமான குஞ்சுகள் எஞ்சும். இவற்றைக் குளத்திலோ ஏரியிலோ விடக் கூடாது. ஆஸ்திரேலியா, வட அமெரிக்கா உள்ளிட்ட பகுதிகளில் இவ்வாறு விடப்பட்ட பொன்மீன்கள் அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி, நீர்த்தாவரங்களை அழிக்கும் அயல் இனமாகப் பெருகியுள்ளன.