தாயின் பெயரில் இருந்த எழுத்து

முப்பது வருஷம் தமிழ் வகுப்பெடுத்தவள் நான். மழையை 'மளை' என்னும் பிள்ளைகளைத் திருத்தித் திருத்தியே தொண்டை கட்டிப்போயிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு என் மகள் வாங்கித் தந்த புத்தகங்கள் வழியாக, டோல்கீன் தன் கதைகளில் வரும் எல்ஃப் இனத்துக்கு உண்டாக்கிய மொழிகளுக்குள் நுழைந்தேன். இன்னும் வெளியே வரவில்லை.

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் 1919, 1920இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வேலை பார்த்தவர். வால்ரஸ் என்ற ஒரு சொல்லின் பிறப்பைக் கண்டுபிடிக்கவே பலமுறை எழுதி எழுதித் திருத்தினார். தன் கற்பனை மொழிகளுக்கும் அதே பாடுதான் பட்டார். முதலில் வேர், அது காலப்போக்கில் எப்படித் திரிய வேண்டும் என்பதற்கு விதி, அதன் பிறகே சொல். 'பேசு' என்ற பொருளுள்ள ஆதி வேர் 'க்வெட்'. எல்ஃப் மொழிகளில் ஒன்றான குவென்யாவில் அது அப்படியே நின்றது. சிந்தாரின் என்ற இன்னொரு மொழியில் 'பெட்' ஆயிற்று. கை முஷ்டிக்கு அங்கே 'க்வார்', இங்கே 'பௌர்'. நம் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு ஆகிறதே, அந்த மாதிரி ஒழுங்கு.

இதற்கெல்லாம் மேலே ஒரு கதை உண்டு. குவென்யாவில் முன்பு, ஆங்கிலத்தில் 'திங்க்' என்னும்போது முதலில் வருமே, அந்த ஒலி இருந்தது. எல்ஃப்களில் நோல்டோர் என்ற குலத்தார் நாளடைவில் அதை 'ஸ' என்று சொல்லத் தொடங்கினார்கள். அரசன் ஃபின்வேயின் மனைவி மீரியல் தையற்கலையில் பெயர் பெற்றவள். அதனாலேயே அவளுக்குத் தெரிண்டே என்று பெயர். பழைய ஒலியோடுதான் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. மகன் ஃபேயனோரைப் பெற்றதில் உடம்பின் சக்தியெல்லாம் வற்றி, அவள் இறந்துபோனாள். ஃபின்வே மறுமணம் செய்துகொண்டான். ஊரே 'ஸெரிண்டே' என்றது. மகன் மட்டும் விடவில்லை. அந்த ஒலியை விட்டவர்களெல்லாம் தன் தாயை அவமதிக்கிறார்கள் என்றே நினைத்தான். ஒலிகள் மாறுவது மொழிகளின் வழக்கம். அதற்குள் ஒரு பிள்ளையின் துக்கத்தை வைத்தாரே, அங்கேதான் டோல்கீன் கற்பனை மொழி படைத்த மற்றவர்களை விட்டு மிகவும் மேலே போய்விடுகிறார்.

1968 வாக்கில், முதுமையில் எழுதிய குறிப்பு இது. அவர் மகன் கிறிஸ்டஃபர் 1996இல்தான் அச்சேற்றினார்.

படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மா பெயர் குழந்தையம்மாள். தெருவில் எல்லோருக்கும் 'கொளந்தம்மா'. அடையாள அட்டை ஒன்றில் 'குலந்தையம்மாள்' என்றே அச்சாகி வந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் யார் பெயரிலாவது 'ழ' இருந்தால், இன்றைக்கு ஒருமுறை அதை முழுசாகச் சொல்லிக் கூப்பிடுங்கள்.