பக்கம் வந்தது, எழுத்து வரவில்லை

வீட்டுக் கணனியில் வரி கோணாது, பிழையின்றி அமைத்த நினைவு மலர் ஒன்று அச்சகத்துக்குப் போகின்றது. அங்கே திறந்து பார்த்தால், தேவாரம் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த குப்பை காணப்படுகின்றது. முப்பத்தோராம் நாளுக்கோ இன்னும் இரண்டு நாளே உண்டு. ஆய்வேட்டை ஒப்படைக்கும் மாணவர்க்கும், திருமண அழைப்பிதழ் அச்சிடும் வீட்டாருக்கும் இவ்வின்னல் புதிதன்று. கோவை பழுதடைந்து விட்டது என்று கருதுவோர் பலர். கோவையில் யாதொரு பழுதும் இல்லை. பக்கம் சென்றது, எழுத்து உடன் செல்லவில்லை. அவ்வளவே.

ஈயவெழுத்தின் காலத்தில் இவ்வாறு நிகழ வழியில்லை. அச்சுக்கோப்பவர் பெட்டியிலிருந்து எடுத்துக் கோத்த எழுத்து எதுவோ, அதுவே மை பூசப்பெற்றுத் தாளில் பதிந்தது. எழுத்தின் அகலமும் அதன் வடிவமும் ஒரே உலோகத் துண்டில் ஒட்டிக் கிடந்தன. கணனி வந்தபின் இவ்விரண்டும் பிரிந்தன. பிரிந்த வகையைத் தெளிவாகக் காட்டும் வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனல்ட் கனூத், கணனி நிரலாக்கக் கலையைப் பல பாகங்களாக எழுதி வருபவர். முதற் பாகம் 1968இல் ஈயவெழுத்தில் அழகுற வெளிவந்தது. 1977இல் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கான பார்வைப்படிகள் அவர் கைக்கு எட்டின. அதற்கிடையில் பதிப்பகத்தார் ஈயத்தைக் கைவிட்டு ஒளியச்சுக் கோப்புக்கு மாறியிருந்தனர். எழுத்துக்களின் தோற்றத்தைக் கண்டு மனம் வெதும்பிய பேராசிரியர், அச்சுக் கோக்கும் நிரல் ஒன்றைத் தாமே எழுதத் துணிந்தார். ‘டெக்’ என்பது அதன் பெயர். எழுத்துக்களை வரைவதற்கு ‘மெற்றாபொன்ற்’ என்னும் துணை நிரலையும் ஆக்கினார். ஓராண்டில் முடியும் என எண்ணிய பணி பத்தாண்டுக்கு மேல் நீண்டது. கணிதமும் பௌதிகமும் எழுதுவோர் இன்றும் டெக்கையும் அதன் வழிவந்த நிரல்களையுமே பெரிதும் நாடுகின்றனர்.

வியப்பு யாதெனின், டெக் வரியமைக்கும்போது எழுத்தின் உருவத்தைக் காண்பதேயில்லை. ஒவ்வோர் எழுத்தும் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், கோட்டின்கீழ் எவ்வளவு இறங்கும் என்னும் அளவுகளே அதற்குப் போதும். வெற்றுப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது போன்ற வேலை அது. கணக்கோ மிக நுண்ணியது. அங்குலம் ஒன்றுக்கு 72.27 பொயின்ற் எனக்கொண்டு, ஒரு பொயின்றை 65,536 கூறாக்கி அளக்கின்றது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளத்திலும் சிறிய அளவு. இவ்வளவு நுட்பத்தோடு டெக் ஆக்கித் தரும் கோவையில், ‘இன்ன எழுத்துருவின் 65ஆம் எழுத்தை இவ்விடத்தில் வை’ என்பது போன்ற கட்டளைகள் உண்டு. எழுத்து இல்லை.

அக்கோவையை அச்சுப்பொறிக்கு ஏற்ற ‘போஸ்ற்ஸ்கிரிப்ற்’ மொழிக்கு மாற்றுவது தோமஸ் ரொக்கிக்கி எழுதிய ‘டிவிஐபிஎஸ்’ என்னும் நிரல். உருவம் வேண்டப்படுவது இந்தக் கட்டத்திலேதான். அச்சுப்பொறியின் வயிற்றிலேயே சில எழுத்துருக்கள் இருக்கக்கூடும். 1985இல் வந்த ஆப்பிள் லேசர்றைற்றரில் டைம்ஸ், ஹெல்வெற்றிக்கா, கூரியர், சிம்பல் ஆகிய குடும்பங்களில் 13 எழுத்துருக்கள் இருந்தன. அவற்றைப் பெயர் சொல்லி அழைத்தாற் போதும். ஏனையவற்றைக் கோவையோடு சேர்த்தே அனுப்புதல் வேண்டும். அனுப்பாவிடின் பல பொறிகள் கூரியரை அதன் இடத்தில் இட்டு நிரப்பும். கூரியரிலோ எல்லா எழுத்தும் ஒரே அகலம். வேறோர் எழுத்தின் அகலத்துக்கென்று கணித்த இடத்தில் இது வந்தமர்ந்தால், ஒரு சொல்லில் எழுத்துக்கள் மோதும். மறு சொல்லில் பல் விழுந்த வாய்போல் இடைவெளி தோன்றும். நிரலின் நுண்கணக்கு அத்தனையும் வீணாகும்.

சேர்த்தனுப்பும் எழுத்திலும் இருவகை உண்டு. ஒன்று புள்ளியெழுத்து. மெற்றாபொன்ற் தருவது இதுவே. அங்குலத்துக்கு 300 புள்ளி இடும் பொறிக்கு 10 பொயின்ற் எழுத்தை ஆக்கினால், அதன் முழு உயரத்துக்கும் ஏறக்குறைய 41 புள்ளிகளே கிடைக்கும். வீட்டுப் பொறியில் அது குறையாகத் தோன்றாது. அதே கோவையை 2,400 புள்ளி இடும் தகடு தயாரிக்கும் பொறியிடம் கொடுத்தால், முன்னைய ஒரு புள்ளி 64 சிறு புள்ளிகள் சேர்ந்த சதுரமாக விரிந்து, வளைவுகள் யாவும் படிக்கட்டாகும். மற்றையது புறக்கோட்டெழுத்து. எழுத்தின் விளிம்பை வளைகோடுகளாக எழுதிவைத்திருப்பதால் எந்தப் பொறியிலும் அது தன்னை உரியவாறு வரைந்துகொள்ளும். கனூத்தின் எழுத்துக்களுக்குப் புறக்கோட்டு வடிவங்கள் 1997இல் இலவசமாகக் கிடைத்தபின், டிவிஐபிஎஸ் நிரலில் அவற்றையே சேர்த்தல் வழக்கமாயிற்று. பழைய கோவைகளை மறுபடி அச்சிடுவோர், புள்ளியெழுத்தை விடுத்து இவற்றைக் கொண்டு புதிதாக மாற்றிக்கொள்வதே தக்கது.

நிற்க. ஆங்கிலக் கோவை எழுத்துருவை இழந்தால் அழகு கெடும். பெரும்பாலும் வாசிக்க முடியும். தமிழ்க் கோவைக்கு அந்த ஆறுதலும் இல்லாதிருந்தது. நம் நாட்டில் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் இருப்பிடத்தில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றியது. ‘தமிழ்’ என்று நாம் காண்பது, கோவையினுள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி இல்லாத கணனி அவற்றை அவ்வாறே காட்டிவிடும். நினைவு மலருக்கு நேர்ந்த கதி இதுதான். 1991இல் வெளிவந்த யூனிக்கோடு முறை, தமிழுக்கென 128 இடங்களைத் தனியே ஒதுக்கியது. ‘க’ எங்கு சென்றாலும் அதன் எண் 2965. ஆயினும் எண் போனதால் உருவமும் போயிற்று என்று எண்ணலாகாது. ‘கொ’ என்பதில் கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்தும் விதி எழுத்துருவையும் நிரலையும் பொறுத்தது. விதி அறியாத நிரலில் கொம்பு இடம் மாறி நிற்கும்.

ஆகவே அச்சகத்துக்குத் தட்டெழுதிய மூலக் கோவையை மட்டும் அனுப்புதல் தகாது. பிடிஎப் ஆக்கும்போது எழுத்துருக்களை உட்பொதிக்கச் செய்க. டைம்ஸ் போன்ற எங்கும் உள்ளவற்றையும் விட்டுவிட வேண்டாம். ஆக்கியபின் பிடிஎப் வாசிப்பியில் ஆவணத்தின் பண்புகளைத் திறந்து, எழுத்துருப் பட்டியலைப் பார்க்கவும். ஒவ்வொரு பெயரின் அருகிலும் உட்பொதிந்தது என்ற குறிப்பு இருத்தல் வேண்டும். சில நிரல்கள் பெயருக்கு முன்னே ஆறு பெரிய ஆங்கில எழுத்தும் ஒரு கூட்டற்குறியும் காட்டும். பயன்பட்ட எழுத்துக்கள் மாத்திரம் எடுத்துச் சேர்க்கப்பட்டன என்பது அதன் பொருள். கடைசி நேரத்தில் ஒரு பெயரைத் திருத்த நேரின், அந்தப் பெயருக்கு வேண்டிய எழுத்து அங்கில்லாமற் போகலாம். திருத்தத்தை வீட்டிலே மூலக் கோவையிற் செய்து மறுபடி ஆக்குவதே நன்று. சில எழுத்துருக்களில் உட்பொதிக்கத் தடை குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை அச்சுக்குத் தேராதிருத்தல் நலம். எழுத்துக்களை வெறுங்கோடுகளாக மாற்றி அனுப்பும் வழியும் உண்டு. அழைப்பிதழுக்கு அது ஏற்கும். நூறு பக்க ஆய்வேட்டுக்கு ஏற்காது, தேடவும் திருத்தவும் இயலாமற் போகும் ஆதலின்.

2023 சனவரியில் அடோபி நிறுவனத்தார் தம் வடிவமைப்பு நிரல்களில் பழைய ‘ரைப் 1’ எழுத்துருக்களுக்கான ஆதரவை நிறுத்தினர். அவற்றைக் கொண்டு அமைத்த மூலக் கோவைகளைப் புதிய நிரலிற் திறந்தால், எழுத்துரு காணப்படவில்லை என்ற அறிவிப்பே வரும். அதே எழுத்துக்களை உட்பொதித்து அன்றே பிடிஎப் ஆக்கி வைத்தவர்களின் பக்கங்கள் இன்றும் முன்போலவே திறக்கின்றன.