பழைய ரி.வி.யின் முதுகில் உள்ள இலக்கம்

கணக்கு எழுதுகிறவனுக்கு ரி.வி. பெட்டியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இலக்கம் பார்ப்பதுதான் வேலை.

எண்பதுகளில் நாங்கள் ஜேர்மனிக்கு வந்தபோது, பலரது வீட்டின் முதல் ரி.வி. ஸ்பெர்முல் நாளில் தெருவோரம் கிடந்த பெட்டிதான். சிலர் அதை இன்றும் கெல்லரில் வைத்திருக்கிறார்கள், கலியாண வீட்டு வீடியோ கசெற் பார்க்கலாம் என்று. பழுதானால், "குருண்டிக், பெரிய பெட்டி" என்று மட்டும் சொல்லிப் பாகம் கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்டு வாங்கிய ட்ரான்ஸ்போமர் பொருந்தவில்லை. 60 மார்க் போனதுதான் மிச்சம்.

முன்பக்கத்தில் இருப்பது விற்பனைப் பெயர். உள்ளே மின்சுற்றுப் பலகைகளும் அவற்றைத் தாங்கும் சட்டமும் சேர்ந்ததுதான் செசி. ஒரே செசியைப் பல மாதிரிகளில் போட்டார்கள். திரையின் அளவும் வெளிப்பெட்டியும்தான் மாறும். தபால் விற்பனை செய்த குவெல்லே நிறுவனம் 'ஊனிவேர்சும்' என்ற பெயரில் விற்ற ரி.வி.களை வேறு தொழிற்சாலைகள் செய்து கொடுத்தன. அந்தப் பெயரை வைத்துப் பாகம் தேட முடியாது.

பின்மூடியில் ஒட்டியுள்ள தாளைப் பாருங்கள். மாதிரிப் பெயர் இருக்கும். தொடர் இலக்கம் இருக்கும்; அது அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் உரியது, பாகம் தேட உதவாது. பல பெட்டிகளில் செசி இலக்கமும் அங்கேயே உண்டு. எண்பதுகளின் குருண்டிக் பெட்டிகளில் அது 'சி.யூ.சி.' என்று தொடங்கும். எழுபதுகளின் பிலிப்ஸ் பெட்டிகளில் 'கே 9', 'கே 12' என்பன போன்றவை. கடைசி எழுத்துவரை அப்படியே எழுதுங்கள். பேரேட்டில் ஒரு எண் தவறினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்!

வெளியே காணாவிட்டால் மூடியைத் திறக்க வேண்டாம். கலர் படக்குழாயில் 25,000 வோல்ற் அளவு மின்சாரம் ஏறும். வயரைக் கழற்றிய பிறகும் அது தங்கி நிற்கும். அதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 2000ஆம் ஆண்டளவில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று லண்டனுக்குக் குடிபோனபோது ரி.வி.யையும் கொண்டு போனது. அங்கே படம் கலரில் தெளிவாக வந்தது, சத்தம் மட்டும் இல்லை. பெட்டி பழுதென்று பிள்ளைகள் எறியப் பார்த்தார்கள். பழுது ஒன்றுமில்லை. இரண்டு நாட்டிலும் பால் முறைதான், ஆனால் ஜேர்மனியில் ஒலி படத்திலிருந்து 5.5 மெகாஹேட்ஸ் தள்ளி வந்தது, பிரித்தானியாவில் 6 மெகாஹேட்ஸ். அதனால்தான் சில செசிகளை நாட்டுக்கு நாடு மாற்றிச் செய்தார்கள். கிழக்கு ஜேர்மனியிலோ 1990 வரை கலருக்கு சேகாம் முறை.

அந்தக் குடும்பம் வீடியோ டெக்கை ஸ்கார்ட் வயரால் இணைத்ததும் கசெற்றில் நாதஸ்வரம் கேட்டது. ஸ்கார்ட்டில் ஒலி தனிக் கம்பியில் வருவதால் இந்தச் சிக்கல் இல்லை.

எறியத்தான் வேண்டுமென்றால், 2006 முதல் நகரசபையின் சேகரிப்பு நிலையத்தில் இலவசமாக ஒப்படைக்கலாம். அதற்கு முன் உள்ளே கசெற் ஏதும் மாட்டியிருக்கிறதா என்று டெக்கைத் திறந்து பாருங்கள்.