மிச்சிக்கன் ஏரியின் சிறு துறைமுகங்கள்

ஏரி என்ற சொல்லைக் கேட்டவுடன் அக்கரை கண்ணுக்குப் புலனாகும் ஒரு நீர்நிலையே நம் மனத்தில் எழுவது இயல்பு. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள மிச்சிக்கன் ஏரியின் கரையில் நிற்பவருக்கோ அக்கரை தெரிவதில்லை. வானும் நீரும் ஒன்றுகூடும் கோடு மட்டுமே தெரியும். தெற்கு வடக்காக 307 மைல் நீளமும், மிக அகன்ற இடத்தில் 118 மைல் அகலமும், மிக ஆழமான இடத்தில் 923 அடி ஆழமும் கொண்டது இவ்வேரி. இதன் பரப்பு ஏறத்தாழ 22,300 சதுர மைல். இலங்கைத் தீவு முழுவதும் 25,300 சதுர மைல் அளவினதே என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வேரியின் விரிவு நன்கு விளங்கும். நீரில் உப்பில்லை என்பதொன்றே குறை. அலை, புயல், கப்பற்சேதம் ஆகிய கடலின் குணங்கள் யாவும் இதற்கும் உண்டு.

மாரிக்காலத்தில் இவ்வேரித் துறைமுகங்கள் பனிக்கட்டியால் மூடப்படும். சிறு படகுகள் யாவும் கரையேற்றப்பட்டுப் போர்வையிட்டுக் கிடக்கும். கோடை பிறந்ததும் காட்சி மாறிவிடும். யூன் மாதந் தொடங்கிச் செப்ரெம்பர் வரை, பாய்ப்படகுகளிலும் இயந்திரப் படகுகளிலும் குடும்பம் குடும்பமாக மக்கள் புறப்பட்டுக் கீழைக்கரையோரமாக ஊர் ஊராகச் செல்வர். தெற்கே சென் யோசப், சவுத் ஹேவன், சோகற்றக், ஹொலண்ட், கிராண்ட் ஹேவன். வடக்கே பென்ற்வோட்டர், லடிங்டன், மனிஸ்டி, பிராங்போட், லீலண்ட், சாளவோய் என இக்கரையில் சிறு துறைமுக ஊர்கள் தொடர்ந்து அமைந்துள்ளன. காலையில் ஓர் ஊரை விட்டுப் புறப்பட்டு, மணிக்கு ஐந்து அல்லது ஆறு மைல் வேகத்தில் சென்று, பிற்பகலில் அடுத்த ஊரை அடைந்து, அங்கே இராப்பொழுதைக் கழித்துப் பின்னரும் புறப்படுவதே இப்பயணத்தின் முறை.

பார்ப்பவர்க்கு இது வெறும் உல்லாசமாகத் தோன்றும். ஆயினும், அந்த ஊர்கள் ஒவ்வொன்றிலும் படகு நுழைவதற்கு ஒரு வாயில் இருக்கிறதே, அந்த வாயில் இயற்கை தந்ததன்று. மனிதர் வெட்டித் திறந்தது. விட்டுவிட்டால் மீண்டும் மூடிக்கொள்வது.

இதன் காரணத்தை அறியக் கரையின் அமைப்பை அறிதல் வேண்டும். இவ்வேரியின் மீது பெரும்பாலும் வீசுவது மேல்காற்று. பல்லாயிரம் ஆண்டுகளாக அக்காற்றும் அலையும் கீழைக்கரையில் மணலை ஒதுக்கிக் குன்று குன்றாகக் குவித்துள்ளன. நன்னீர்க் கரையொன்றில் அமைந்த மணற்குன்றுகளில் இவையே உலகில் மிகப் பெரியன என்பர். கிழக்கேயிருந்து ஓடிவரும் ஆறுகள் இம்மணலை எதிர்கொண்டு தயங்கி, கரைக்குப் பின்னால் சிறு வாவிகளாகத் தேங்கி நிற்கின்றன. அவ்வாவிகளிலிருந்து ஏரிக்குச் செல்லும் வழி முன்னாளில் ஆழமற்றதாய், வளைந்து நெளிந்ததாய், ஒவ்வொரு புயலுக்கும் இடம் மாறுவதாய் இருந்தது. மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை மணல் அடைப்பதைக் கண்டவர்கள் இந்நிலைமையை எளிதில் உணர்வர். வாவிக்குள் நுழைந்துவிட்டால் அமைதியான நீர், நுழைவதுதான் அரிது.

ஹொலண்ட் நகரின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1847 ஆம் ஆண்டில் வான் றால்ரே என்னும் மதகுருவின் தலைமையில் ஒல்லாந்து நாட்டுக் குடியேற்றவாசிகள் அங்குள்ள வாவிக்கரையில் குடியமர்ந்தனர். விளைபொருளை வெளியே அனுப்ப அவர்களுக்கு ஏரிவழி ஒன்றே வாய்ப்பான வழியாயிருந்தது; அதனையோ மணல் மறித்திருந்தது. அரசாங்கத்தின் உதவியை நாடினர். அது போதிய அளவில் வந்து சேரவில்லை. ஈற்றில் அம்மக்கள் தாமே மண்வெட்டியை எடுத்துக் கால்வாயை வெட்டினர். 1859 ஆம் ஆண்டில் ஒரு சிறு நீராவிக் கப்பல் அவ்வழியாக வாவிக்குள் நுழைந்தது. நீரின் தன்மையை அறிந்த ஒல்லாந்தர் வந்த இடத்திலும் தம் முன்னோர் செய்த தொழிலையே செய்தனர் எனலாம்.

பிற ஊர்களில் வாயில் திறக்கக் காரணமாயிருந்தது மரம். மிச்சிக்கன் மாநிலத்தின் வெண்பைன் காடுகளில் வெட்டிய மரங்கள் ஆறுகளில் மிதந்து வந்து, வாவிக்கரை ஆலைகளில் பலகையாகி, கப்பலேறிச் சிக்காகோவுக்குச் சென்றன. 1871 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 8 ஆந் திகதி சிக்காகோ நகரில் பெருந் தீ மூண்டது. அதே நாளில் ஹொலண்டும் மனிஸ்டியும் தீக்கிரையாயின. எரிந்த நகரங்களை மீண்டும் கட்டப் பலகை வேண்டும்; ஆகவே கரையோரக் காடுகள் முன்னிலும் விரைவாக அழிக்கப்பட்டன. கலமசூ ஆற்றின் முகத்தில், இன்றைய சோகற்றக்கிற்கு அருகில், சிங்கப்பூர் என்ற பெயருடன் ஓர் ஆலையூர் அப்போது இருந்தது. சுற்றியிருந்த மரங்கள் போனபின் மணலைத் தடுத்து நிறுத்த ஒன்றுமில்லை. 1875 அளவில் மக்கள் ஊரைக் கைவிட்டனர். காற்று மணலைக் கொணர்ந்து வீடுகளையும் தெருக்களையும் மூடியது. இன்று அவ்வூர் மணற்குன்றுகளின் அடியில் உள்ளது. சோகற்றக்கிற்குப் படகில் வருவோர் அதனருகாகவே கடந்து செல்கின்றனர்.

மரத்தொழில் ஓய்ந்த பின்னர் இவ்வூர்களைக் காத்தது கோடை. சிக்காகோவின் புழுக்கத்திலிருந்து தப்ப விரும்பிய மக்களை நீராவிக் கப்பல்கள் சவுத் ஹேவனுக்கும் சென் யோசப்பிற்கும் ஏற்றிவந்தன. திரும்பும்போது பீச் பழங்களை ஏற்றிச் சென்றன. அக்காலத்தின் மகிழ்ச்சியோடு ஒரு பெருந் துயரமும் கலந்துள்ளது. 1915 ஆம் ஆண்டு யூலை 24 ஆந் திகதி, மிச்சிக்கன் சிற்றி என்னும் கரையூருக்கு உல்லாசப் பயணம் செல்லத் தொழிலாளர் குடும்பங்களை ஏற்றிய ஈஸ்லண்ட் என்ற கப்பல், சிக்காகோ ஆற்றின் துறையை விட்டு நீங்குமுன்னரே பக்கஞ் சாய்ந்து கவிழ்ந்தது. 844 பேர் மாண்டனர். கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிற்காலத்தில் மோட்டார் வண்டிகளும் நெடுஞ்சாலைகளும் பெருகியதால் அவ்வகைப் பயணக் கப்பல்கள் படிப்படியாக மறைந்தன. அவை விட்டுச்சென்ற இறங்குதுறைகளைச் சொந்தப் படகுகள் பிடித்துக்கொண்டன.

சிறு படகு பெருகியதும் புதிய தேவையொன்று பிறந்தது. மேல்காற்று பலமாக வீசினால் கீழைக்கரை ஆபத்தான கரையாகும். இயந்திரம் நின்றாலோ பாய் கிழிந்தாலோ காற்று படகைக் கரைமீதே தள்ளும். இடையில் ஒதுங்கி நிற்க இயற்கையான குடாக்கள் அரியன. மேலும், நன்னீரேரியின் அலை மாகடலின் அலையைப் போல நீண்டு உருண்டு வருவதன்று. குறுகிச் செங்குத்தாய் ஒன்றன்பின் ஒன்றாய் விரைந்து மோதுவது. இதனைக் கருதியே 1947 ஆம் ஆண்டில் மிச்சிக்கன் மாநிலம் நீர்வழி ஆணைக்குழுவொன்றை அமைத்தது. கரையோரமாகச் செல்லும் எந்தப் படகும் புகலிடத்திலிருந்து 15 மைலுக்கு மேல் விலகியிராதவாறு, ஏறத்தாழ 30 மைலுக்கு ஒரு துறைமுகம் என்பதே அதன் நோக்கம். படகுப் பதிவுக் கட்டணமும் எரிபொருள் வரியில் ஒரு பங்கும் இதற்குப் பயன்பட்டன. இன்று அம்மாநிலத்தின் ஏரிக்கரைகளில் இவ்வகைத் துறைமுகங்கள் 80 இற்கு மேல் உள்ளன.

இத்தகைய புகலிடத்தின் அருமையை 1967 ஆம் ஆண்டு உணர்த்தியது. அதற்கு முந்திய ஆண்டில் பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்த கோஹோ சால்மன் மீன்குஞ்சுகள் இங்கு விடப்பட்டிருந்தன. மீன் பெருத்த செய்தி பரவவே, எண்ணற்றோர் மிகச் சிறிய படகுகளுடன் பிராங்போட்டிற்கு வடக்கேயுள்ள பிளற் குடாவில் குவிந்தனர். செப்ரெம்பர் 23 ஆந் திகதி திடீரென எழுந்த காற்றில் படகுகள் பல நொறுங்கின. எழுவர் உயிரிழந்தனர். மணற்கரை முழுவதும் கண்முன் நீண்டு கிடந்தது. ஆனால் அலை உடையும் அக்கரை படகுக்கு அடைக்கலம் தராது. அடைக்கலம் தருவது வாயிலுள்ள துறைமுகம் ஒன்றே.

ஆகவே தேர்ந்த படகோட்டி காலையில் முதலில் நாடுவது வானிலை அறிக்கையை. சிறு படகுகளுக்கான எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் அவர் துறையிலேயே தங்கிவிடுவார். புறப்பட்டவர் அடுத்த வாயிலை அணுகும்போது அதன் இருபுறமும் ஏரிக்குள் நீண்ட அலைதடுப்புச் சுவர்களைக் காண்பார். உள்ளே வருபவரின் வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் பச்சை என்பது அந்நாட்டு விதி. இலங்கை உட்பட உலகின் பல பாகங்களில் இது நேர்மாறானது. இவ்வேரியின் கீழைக்கரையில் துறைக்குள் வரும் படகு கிழக்கு நோக்கி வருவதால் வலப்பக்கம் தென்பக்கமாகும். சவுத் ஹேவன், ஹொலண்ட், கிராண்ட் ஹேவன் ஆகிய ஊர்களின் புகழ்பெற்ற வெளிச்சவீடுகள் தென்புறத்தில் செந்நிறமாய் நிற்பதன் பொருள் இதுவே. ஹொலண்டின் வெளிச்சவீட்டுக்கு இவ்விதிக்கமைய 1956 ஆம் ஆண்டிலேயே செந்நிறம் பூசப்பட்டது. சுவர்களுக்கிடையே உள்வரும் அலையும் வெளியேறும் ஆற்றுநீரும் மோதும் சில நிமிடங்களே கடினமானவை. அவற்றைக் கடந்ததும் நீர் அடங்கிவிடும்.

பின்னர் ஊர் வரவேற்கும். துறைப் பொறுப்பாளர் படகு கட்டும் இடத்தைக் காட்டுவார். வந்தவர்கள் கடைத்தெருவிற்கு நடந்தே செல்லலாம். லீலண்டில் பழைய மீனவர் குடில்களின் வரிசையில் புகையூட்டிய மீன் கிடைக்கும். சோகற்றக்கில் கையால் சுழற்றிச் சங்கிலியால் இழுக்கும் பழைய தோணி ஆற்றைக் கடப்பிக்கும். சாளவோயில் படகுகளுக்கு வழிவிடப் பாலம் அரைமணிக்கொரு முறை மேலெழும். சில நூறு அல்லது சில ஆயிரம் பேரே வாழும் இவ்வூர்கள் பலவற்றில், கடைக்காரரின் ஆண்டு வருவாய் பெரும்பாலும் இந்தச் சில மாதங்களிலேயே தேடப்படுவது.

இவை யாவும் வாயில் திறந்திருக்கும் வரைதான். கரையோரமாக நகரும் மணல் சுவரின் ஒருபுறம் தங்கி, நாளடைவில் அதன் முனையைச் சுற்றி உள்ளே புகும். அதனை இயந்திரம் கொண்டு வாரியெடுத்தல் வேண்டும். கூட்டாட்சி அரசாங்கத்தின் பணமோ ஏற்றியிறக்கும் சரக்கின் நிறையை முதன்மையாகக் கருதியே பகிரப்படுகிறது. நிலக்கரியும் கல்லும் இறங்காத, உல்லாசப் படகு மட்டும் வரும் சிற்றூர் வரிசையின் கடைசியில் நிற்கவேண்டியிருக்கிறது. 2013 ஆம் ஆண்டு சனவரியில் ஏரியின் நீர்மட்டம் 1918 இல் அளவீடு தொடங்கிய நாள்முதல் காணாத அளவிற்குத் தாழ்ந்தது. பல துறைகள் படகு நுழைய முடியாதனவாயின. கோடை வருமுன் வழி திறப்பதற்காக மாநில அரசாங்கம் ஏறத்தாழ 2 கோடி டொலரை அவசரமாக ஒதுக்கிற்று. ஏழாண்டு கழித்து, 2020 ஆம் ஆண்டில், அதே நீர்மட்டம் ஏறத்தாழ ஆறடி உயர்ந்து நின்றது. அப்போது துறைமேடைகள் நீரில் மூழ்கின. கரையிலிருந்த வீடுகள் அரிப்புண்டன.

தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் செலவு ஊரையே சாரும். மரம் போனபின் சிங்கப்பூர் என்ற அவ்வூரைக் காக்க முன்வருவார் ஒருவருமில்லை. அதனை மணல் எடுத்துக்கொண்டது. பென்ற்வோட்டரும் லீலண்டும் இன்று நிலைத்திருப்பது, ஒவ்வோர் இளவேனிலிலும் அங்குள்ளோர் தங்கள் வாயிலின் ஆழத்தை அளந்து, குறைந்திருந்தால் அதைத் தோண்டுவதற்கு வழி தேடுவதனாலாகும். கோடை மாலையில் செந்நிற வெளிச்சவீட்டைக் கடந்து உள்ளே வரும் படகுக்குத் தேவையான அந்தச் சில அடி ஆழம் அவ்வாறு பெறப்பட்டதே.