தசை முந்தும், தசைநாண் பிந்தும்: வலுதூக்கத் தொடங்குவோர் கவனத்துக்கு

காத்தோங்கிலிருந்து சற்றுத் தள்ளி, மவுண்ட்பேட்டன் சாலைக்கும் கேலாங் சாலைக்கும் இடையே ஒரு காலத்தில் ‘கே வேர்ல்டு’ கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1950களில் அங்கு நடந்த பளுதூக்கும் போட்டி ஒன்றை வேடிக்கை பார்க்கப் போன டான் ஹாவ் லியாங் என்ற இளைஞருக்குத் தாமும் தூக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான்.

அந்த ஆர்வம் இன்று வேறொரு வடிவில் திரும்பியிருக்கிறது. வலுதூக்குதல் எனப்படும் ‘பவர்லிஃப்டிங்’ அலுவலக ஊழியர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள் வரை எட்டியுள்ளது. சிங்கப்பூர் மருந்தாளர் ஃபர்ஹானா ஃபரித் 2022இல் 52 கிலோ பிரிவில் 200 கிலோவுக்கு மேல் தூக்கி உலகச் சாதனை படைத்தபோது அந்த ஆர்வம் இன்னும் கூடியது. நீங்களும் தொடங்க நினைத்தால், இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை தேடுங்கள். எப்படித் தூக்குவது? யாரிடம் கற்பது?

மூன்றே தூக்குகள்

பளுதூக்குதலில் கம்பியைத் தலைக்குமேல் உயர்த்துவார்கள். வலுதூக்குதலில் அது கிடையாது. தோளில் கம்பியைத் தாங்கி உட்கார்ந்து எழும் ‘ஸ்குவாட்’, படுத்தபடி மார்பிலிருந்து உந்தும் ‘பெஞ்ச் பிரஸ்’, தரையிலிருந்து இடுப்புவரை தூக்கும் ‘டெட்லிஃப்ட்’ ஆகிய மூன்றுதான். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்புகள். சிறந்தவற்றின் கூட்டுத்தொகையே முடிவு.

பார்க்கப் பயமாக இருந்தாலும், முறையாகச் செய்தால் இது பேராபத்தான விளையாட்டு அன்று. 2017இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, வலுதூக்குவோர் 1,000 மணி நேரம் பயிற்சி செய்தால் ஏற்படும் காயங்கள் ஏறத்தாழ 1 முதல் 4 வரைதான். தோள், கீழ்முதுகு, முழங்கால் ஆகியவையே அதிகம் அடிபடுகின்றன.

முதல் மூன்று மாதங்கள்

புதிதாகத் தொடங்குவோர் வாரத்துக்கு வாரம் கூடுதல் எடை தூக்குவார்கள். ‘எனக்கு இவ்வளவு பலமா!’ என்று அவர்களுக்கே வியப்பாக இருக்கும். முதல் சில வாரங்களில் தசை அவ்வளவாக வளர்வதில்லை. மூளையும் நரம்புகளும், ஏற்கெனவே உள்ள தசை நார்களை ஒரே நேரத்தில் வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன. அதனால்தான் அந்த வேகம். தசை பருப்பது அதற்குப் பிறகு. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும்.

இந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. ‘முடியும்’ என்று நரம்பு சொல்லும். தசைநாண் இன்னும் தயாராகியிருக்காது. எனவே முதல் மூன்று மாதங்களுக்கு உங்கள் உச்ச எடையைச் சோதித்துப் பார்க்காதீர்கள். வெறும் கம்பியிலிருந்து தொடங்குங்கள். வழக்கமான கம்பியே 20 கிலோ. அது கனமாக இருந்தால் இலகுவான கம்பியைக் கேளுங்கள். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். ஒவ்வொரு சுற்றையும், இன்னும் இரண்டு மூன்று முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். எடையைக் கூட்டும்போது ஒரு தடவைக்கு 2.5 கிலோ போதும்.

மூச்சை அடக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தம் கடுமையாக ஏறும். 1985இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், இரு கால்களாலும் பெரும் எடையை உந்தியவர்களின் சராசரி அழுத்தம் 320/250 வரை சென்றது. ஆரோக்கியமானவருக்கு அது சில நொடிகளில் இறங்கிவிடும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

வலியையும் தரம் பிரிக்கத் தெரிய வேண்டும். மறுநாள் இரு தொடைகளிலும் மந்தமாக வலித்து, ஓரிரு நாளில் குறைந்தால் கவலையில்லை. மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, கால்வரை மரத்துப் போனாலோ பயிற்சியை நிறுத்துங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, சிறுநீர், மலத்தை அடக்க முடியாமல் போனாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கைகள் போதாது

2025 பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிக்கானேர் நகரில், 17 வயது வலுதூக்கும் வீராங்கனை 270 கிலோ எடையுடன் ஸ்குவாட் செய்தபோது கம்பி கழுத்தில் விழுந்து உயிரிழந்தார். பயிற்சியாளர் பின்னால்தான் நின்றிருந்தார். யார் மீது தவறு என்பதைச் சொல்லும் இடம் இதுவன்று. ஆனால் ஒன்று உறுதி: விழும் பேரெடையை ஒருவரின் இரண்டு கைகளால் நிறுத்த முடியாது. அனைத்துலகப் போட்டிகளிலேயே மேடையில் இரண்டு முதல் ஐந்து உதவியாளர்கள் நிற்க வேண்டும் என்பது விதி.

பயிற்சிக்கூடத்தில் அந்த வேலையைச் செய்பவை, சட்டத்தின் இரு பக்கமும் பொருத்தும் பாதுகாப்புக் கம்பிகள். ஸ்குவாட்டில் நீங்கள் இறங்கும் அளவுக்குச் சற்றுக் கீழே அவற்றைப் பொருத்துங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில், கம்பி நழுவினாலும் கழுத்தைத் தொடாத உயரத்தில் இருக்க வேண்டும். கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றி மடக்கிப் பிடியுங்கள். ‘நான் பிடித்துக்கொள்கிறேன், அதெல்லாம் வேண்டாம்’ என்று பயிற்சியாளர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கண்டிப்பு வேறு, அடக்குமுறை வேறு

நல்ல பயிற்சியாளரை எப்படி அறிவது? “இன்று முதுகு பிடிக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். எங்கே, எப்போதிருந்து, எந்த அசைவில் என்று கேட்டு, எடையைக் குறைத்தோ தூக்கை மாற்றியோ கொடுப்பவர் நல்லவர். “சாக்கு சொல்லாதே, தூக்கு” என்பவரிடம் உங்கள் தசைநாண்களை ஒப்படைக்காதீர்கள்.

ரோமில் டான் ஹாவ் லியாங்குக்குக் கால்களில் வலி வந்தபோது மருத்துவர்கள் விலகச் சொன்னார்கள், அவர் விலகவில்லை. பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின், ஒலிம்பிக் மேடையில், தமக்காக அவர் எடுத்த முடிவு அது. முதல் மாதத்தில் இருப்பவருக்காக இன்னொருவர் அந்த முடிவை எடுக்கக்கூடாது.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் உருவாக்கிய கோட்பாடு, மனிதர் ஒன்றில் ஊன்றி நிற்க மூன்று தேவை என்கிறது: தாமே முடிவெடுக்கும் உரிமை, திறன் வளர்கிறது என்ற உணர்வு, மற்றவர்களோடு ஒட்டுறவு. கண்டிப்பான பயிற்சியாளராலும் இம்மூன்றையும் தர முடியும். நேரத்துக்கு வரச் சொல்வார், முறை பிசகினால் விடமாட்டார். ஆனால் ஏன் என்று கேட்டால் விளக்குவார். நிலையைத் திருத்தத் தொட வேண்டியிருந்தால் முதலில் அனுமதி கேட்பார். மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் செய்வார். தமக்குத் தெரியாததை உடற்சிகிச்சையாளரிடம் அனுப்புவார்.

ஆபத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் சிறியவையாகத் தொடங்கும். வேறு யாரிடமும் ஆலோசனை கேட்காதே என்பது. உடலைப் பற்றிக் கேலி பேசுவது. பெயர் தெரியாத மாத்திரையையோ ஊசியையோ நீட்டுவது. இரவில் தனிப்பட்ட செய்திகள் அனுப்பி, வீட்டில் சொல்லாதே என்பது. எடைப் பிரிவில் இறங்க வேண்டுமென்று பட்டினி போடுவது. தேவைக்குக் குறைவாகத் தொடர்ந்து உண்டால் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பும் வலுவிழக்கும். அதை ‘கடும் பயிற்சியின் அடையாளம்’ என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால் அவரை விட்டு விலகுங்கள்.

நம் வீடுகளில் குருவுக்குத் தெய்வத்துக்கு முந்தைய இடம். அந்த மரியாதை பிள்ளைகளின் வாயை அடைத்துவிடக்கூடாது. 2021இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர், பாலியல் தொல்லை புகாரில் கைதானார். ஒருவர் பேசிய பிறகே மற்றவர்களும் பேசத் துணிந்தனர். பெற்றோரே, பயிற்சியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். தயங்குகிறார்கள் என்றால் அதுவே பதில்.

எங்கே தொடங்கலாம்?

ஸ்போர்ட் சிங்கப்பூரின் ‘கெட் ஆக்டிவ்’ கேள்வித்தாளை நிரப்பி, மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சியாளரின் பெயர் என்ஆர்ஓசி எனப்படும் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் உள்ளதா என்று பாருங்கள். பதிவு இருப்பது அடிப்படைத் தகுதிக்குச் சான்று, குணத்துக்குச் சான்றாகாது. ஆகவே நீண்டகாலக் கட்டணம் கட்டும்முன் ஓரிரு வகுப்புகள் சென்று பாருங்கள். பயிற்சியில் துன்புறுத்தல் நேர்ந்தால் ‘சேஃப் ஸ்போர்ட்’ திட்டத்திடம் புகார் செய்யலாம். வன்முறை, பாலியல் தொல்லைக்கு 1800-777-0000 என்ற உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் 999.

முதல் வகுப்பில், தூக்கும் முன் பயிற்சியாளரிடம் இதைக் கேளுங்கள்: “பாதுகாப்புக் கம்பியை எந்த உயரத்தில் பொருத்துவது?” அவர் நின்று, பொருத்திக் காட்டி, உங்களையும் பொருத்தச் சொன்னால், அவரிடம் தொடரலாம்.