பேயைப் பார்க்கப் போனார்கள். நியாயத்துக்குக் கை தட்டினார்கள்!

காசு கொடுத்துப் பயப்பட யாராவது போவார்களா? போகிறார்கள்! குழந்தை குட்டிகளோடு, குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். கிலி பிடித்துப் பக்கத்து சீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த நிமிடமே வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள்.

பேயும் சிரிப்பும் கலந்த படங்களுக்குத் தமிழ்நாட்டில் தனி மவுசு உண்டு. அந்த மவுசை உச்சத்துக்கு ஏற்றிவிட்ட படம் "காஞ்சனா". 2011 ஜூலை 22-ந்தேதி வெளிவந்தது. ராகவா லாரன்ஸ் டைரக்டு செய்து நடித்தார். 2007-ல் வந்த அவருடைய "முனி" படத்தின் அடுத்த பாகம் இது.

முந்தைய வருடம் வந்த "எந்திரன்" மாதிரி கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படம் அல்ல. ஒரு வீடு, ஒரு காலி மைதானம், ஒரு குடும்பம். கதையில் பெரும்பகுதி இதற்குள்ளேயே நடக்கிறது. பேய்ப்படத்தில் உள்ள வசதியே இதுதான். வெளிநாடு போக வேண்டாம். பெரிய செட் வேண்டாம். இருட்டு இருந்தால் போதும், இருட்டுக்கு ஏது வாடகை!

காஞ்சீபுரத்தில் படம் பார்த்துவிட்டு, பாலுசெட்டிச்சத்திரம் தாண்டித் தாமல் பக்கம் திரும்புகிறவர்கள் ஆனாலும் சரி, சென்னையில் ஆபீஸ் விட்டதும் மாலைக் காட்சிக்கு ஓடுகிறவர்கள் ஆனாலும் சரி, இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால் நாலு விதமாகப் பேசுவார்கள்.

பயந்தாங்கொள்ளி ஹீரோ

தமிழ்ப்பட ஹீரோ என்றால் ஒரே ஆளாகப் பத்துப் பேரை அடிப்பார். இந்த ஹீரோவோ பொழுது சாய்ந்தால் வெளியே தலை காட்ட மாட்டார். ராத்திரியில் பாத்ரூம் போகக்கூட அம்மா துணைக்கு வர வேண்டும்!

அம்மாவாகக் கோவை சரளா. அண்ணனாக ஸ்ரீமன். அண்ணியாகத் தேவதர்ஷினி. மாமியாரும் மருமகளும் சேர்ந்து நடுங்குகிற காட்சிகளில் தாய்மார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளை எந்த வீட்டில்தான் இல்லை?

நாகேஷ் போட்ட பிள்ளையார் சுழி

பயத்தையும் சிரிப்பையும் ஒரே இலையில் பரிமாறுவது தமிழ்ப் படத்துக்குப் புதிதல்ல.

1964-ல் ஸ்ரீதர் எடுத்த "காதலிக்க நேரமில்லை" படத்தில், நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்வாரே, மறக்க முடியுமா? திரையில் பேய் வரவே இல்லை. நாகேஷின் குரலும் பாலையாவின் முழியும்தான். ஒரு தம்பிடி கூடுதல் செலவில்லை. இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது.

அப்புறம் வந்தார் விட்டலாச்சார்யா. 1978-ல் அவர் தெலுங்கில் எடுத்த "ஜெகன்மோகினி", தமிழ் பேசி இங்கேயும் சக்கைப்போடு போட்டது. பேயாக வந்த மோகினி, விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரித்தாள். சின்னப் பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள்.

பேயைவிடப் பயம் பட்டாவில்!

ஆனால் "காஞ்சனா" ஓடியது சிரிப்பால் மட்டும்தானா? இல்லை என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

படத்தில் பேயாக வருகிற காஞ்சனா ஒரு திருநங்கை. பெற்றவர்களே வீட்டைவிட்டுத் துரத்தியவள். அவளுக்கு அடைக்கலம் கொடுத்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். தன்னைப்போலவே ஒதுக்கப்பட்ட ஒருத்தியை எடுத்து வளர்த்து, டாக்டருக்குப் படிக்க வைக்கிறாள் காஞ்சனா. ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட நிலமும் வாங்குகிறாள். அந்த நிலத்தை ஒரு எம்.எல்.ஏ. அபகரிக்கிறான். தட்டிக் கேட்ட காஞ்சனாவையும், அடைக்கலம் கொடுத்தவரையும், அவருடைய மனவளர்ச்சி குன்றிய மகனையும் கொன்று அதே மண்ணில் புதைத்துவிடுகிறான்.

படம் வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். 2011 மே மாதம் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது. அதே ஆண்டில் நில அபகரிப்புப் புகார்களை விசாரிக்கப் போலீசில் தனிப் பிரிவுகளே அமைத்தார்கள். எங்கே பார்த்தாலும் நிலப் பேச்சு.

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை தாமல் வழியாகத்தான் போகிறது. ரோட்டோரம் துண்டு நிலம் வைத்திருப்பவருக்குப் பத்திரம், பட்டா, வில்லங்கம் என்ற மூன்று வார்த்தையும் பேயைவிட அதிகப் பயம் தரும். நிஜத்தில் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்பு தேய்கிறது. படத்திலோ செத்தவள் எழுந்து வந்து கணக்குத் தீர்க்கிறாள். கை தட்டாமல் என்ன செய்வார்கள்!

சரத்குமார் கட்டிய சேலை

காஞ்சனாவாக நடித்தவர் சரத்குமார். சண்டைப் படங்களில் உருட்டுக்கட்டையாக வந்தவர், சேலை கட்டிக் கண்ணீர்விட்டு நின்றார். அவர் வருவது பிளாஷ்பேக்கில் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் படத்தின் பெயரே அவருடையது என்று ஜனங்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இங்கேதான் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள்.

"ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறவங்களைக்கூட அழ வெச்சுட்டாங்களே, அது போதாதா?" என்பது ஒரு கட்சி.

"ராகவா உடம்பில் காஞ்சனா புகுந்ததும் வளைஞ்சு நெளிஞ்சு நடக்கிறாரே, அப்போ சிரிச்சது யாரைப் பார்த்து? உயிரோட இருக்கும்போது கிடைக்காத மரியாதை, பேயான பிறகுதான் கிடைக்கணுமா?" என்பது இன்னொரு கட்சி.

இரண்டாவது கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. திருநங்கைகளுக்கு நல வாரியம் 2008-லேயே அமைத்த மாநிலம் தமிழ்நாடு. மூன்றாம் பாலினமாகச் சுப்ரீம் கோர்ட்டு அங்கீகரித்தது 2014-ல். சட்டம் நகர்ந்துவிட்டது. தியேட்டர் சிரிப்பும் அதோடு நகர்ந்ததா என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுத்தான் சொல்ல வேண்டும்.

தெருவுக்குத் தெரு பேய்

ஒரு படம் ஓடினால் கோடம்பாக்கம் சும்மா இருக்குமா? கன்னடத்தில் 2012-ல் உபேந்திரா நடிக்க "கல்பனா" ஆனது. இந்தியில் 2020-ல் அக்ஷய்குமாரை வைத்து லாரன்சே "லட்சுமி" என்று எடுத்தார். தமிழில் 2014-ல் "யாமிருக்க பயமே", "அரண்மனை". 2015-ல் "டார்லிங்", "காஞ்சனா-2". 2016-ல் "தில்லுக்கு துட்டு". 2019-ல் "காஞ்சனா-3" என்று பேய்கள் வரிசை கட்டின.

சில படங்களுக்கு நல்ல பேர். சிலவற்றுக்கு வசவு. "அதே பங்களா, அதே மந்திரவாதி, அதே பிளாஷ்பேக்" என்று சலித்துக்கொள்கிறார்கள். "பேய் வந்தா பயப்படலாம், ஸ்பீக்கர் அலறினா காதுதான் போகும்" என்பது பொதுவான புகார். ரத்தக்களரிச் சண்டையைப் பார்த்து ராத்திரி பிள்ளைகள் தூக்கத்தில் அலறுவது பெற்றவர்கள் புகார்.

இந்தப் புகார்களைச் சும்மா விட்டுவிடக் கூடாது. கூலிக்குத் தறி நெய்கிறவர் தறியை நிறுத்திவிட்டுப் படத்துக்கு வந்தால், அந்த நேரத்துக்கு உண்டான கூலி போச்சு. நாலு பேர் டிக்கெட், பஸ் சார்ஜ், இடைவேளை முறுக்கு எல்லாம் தனிக் கணக்கு. படத்துக்குச் செலவு குறைவாக இருக்கலாம். பார்ப்பவர் செலவு குறைவல்ல!

அந்தக் காசைக் கொடுத்தவர் பட முதலாளியிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நல்லாச் சிரிக்க வையுங்க, கொஞ்சம் பயமுறுத்துங்க, அந்தப் பேய் ஏன் வந்ததுன்னு மட்டும் ஒழுங்காச் சொல்லுங்க என்கிறார். அவ்வளவுதான்.

அதற்குச் சரியான பதில் வைத்திருக்கிற படத்துக்குக் கூட்டம் தானாக வரும். பதில் இல்லாத படத்துக்கு, இரண்டாவது வாரம் தியேட்டரில் பேய் மட்டும்தான் உட்கார்ந்திருக்கும்!